இரண்டு தவு

பனமரத்துப்பட்டி ஏரி, தண்ணீரில்லாத மாசி.
சீமைக்கருவேலத்தை வெட்டி வேர் தோண்டி
முந்நூறு மீட்டருக்கு ஒரு ஓடுபாதை போட்டிருந்தாள் இருசாயி.
வராத வேர்களுக்குச் சுண்ணாம்பு வட்டம்.
ஞாயிறு மட்டும்தான் அவளுக்கு.
மற்ற ஆறு நாளும் சங்ககிரியில் லாரிக்குப் பாடி கட்டுகிறாள்,
ரிவெட் அடிக்கிற கை.

றெக்கை அவளுடையது. இன்ஜின் என்னுடையது.
இன்ஜின் யாருடையதோ அவர்தான் ஏற வேண்டும் என்று
ஆரம்பத்திலேயே பேசியிருந்தோம்.
அப்போது வண்டி வெறும் பைப்பாகக் கிடந்தது,
எதற்கும் தலையாட்டலாம்.

கல்யாண மண்டபத்து இட்லிக் குண்டான் ஒன்று,
எங்கள் வீட்டு குக்கர் மூன்று,
தளவாய்ப்பட்டிப் பட்டறையில் உருகி
அதன் வயிறானது.
ஸ்லீவ், மூடிப்போன சேகோ ஆலையின் பம்பில் கழற்றியது.
உள்ளே வரும் வழி, வெளியே போகும் வழி எல்லாம்
அரத்தாலேயே திறந்தேன்.
பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில்
இரண்டு தவு விட்டேன்.
ஒரு தலைமுடியே மூன்று தவு.
விரலால் தள்ளினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கும்.
ராத்திரி ஒரு மணிக்கு லேத்தை அணைத்துவிட்டு
அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான்கு வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது.
இருசாயியிடம் சொல்லவில்லை.

ஆறரை மணி. வாடைக் காற்று.
எதிரே, ஊருக்கு அந்தப் பக்கம்,
சேர்வராயன் மலை கழுவி வைத்த மாதிரி.
"ஆட்டு மேல உழுந்தா என்ன கணக்கு?"
பச்சியண்ணன், நாற்பது உருப்படியோடு.
"கிலோ கணக்கு" என்றாள்,
பெட்டி மேல் ஏறி நின்று
றெக்கையைக் கையால் தள்ளிக்கொண்டே.

சக்கரச் சத்தம் நின்றது.
பறப்பது அப்படித்தான் தெரிய வந்தது,
ஏறியதால் அல்ல,
இருந்த ஒரு சத்தம் இல்லாமல் போனதால்.
கருவேலம் பாயாகச் சுருண்டு கீழே போயிற்று.
ஜருகுமலை தோளுக்கு வந்தது.
முதுகுக்குப் பின்னால் என் குக்கர்கள்
நிமிடத்துக்கு ஆறாயிரம் முறை வெடித்தன,
நீலப் புகை, எண்ணெய் வாசம்,
நான் கத்திக்கொண்டிருந்தேன், என்ன என்று நினைவில்லை.

எண்பதடி இருக்கும்.
சத்தம் ஒரு நூல் இறுகியது.
செய்தவனுக்கு மட்டும் கேட்கிற இறுக்கம்.
கேட்டேன்.
அரை நொடி, கேட்காத மாதிரி இருந்தேன்.

கீச்.

பிறகு ஒன்றுமில்லை.
பின்னால் விசிறி குறுக்கே நின்றுவிட்டது, பலகை போல.
தலைக்கு மேலே மட்டும்
யாரோ ஈரவேட்டியை உதறிக்கொண்டே இருந்தார்கள்,
அவசரமில்லாமல், ஒரே சீராக.
குச்சியை முன்னால் தள்ளு, கீழே பார்க்காதே,
தரை வந்ததும் இழு.
சங்ககிரி பஸ்ஸில், போனில், கறிக்கடை வரிசையில்
எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்.
தள்ளினேன். இழுத்தேன்.
பத்தடி உருண்டு நின்றது.
இடது சக்கரம் மட்டும் கோணல்.

ஓடி வந்தவள் என்னைப் பார்க்கவில்லை.
றெக்கை ஓயும்வரை நின்றாள்.
ஓய்ந்ததும் ரிவெட்டுகளை விரலால் தொட்டு
ஒவ்வொன்றாக எண்ணினாள்.
"இன்ஜின் நின்னுபோச்சு" என்றேன்.
"றெக்கைக்கு இன்ஜின் இருந்ததே தெரியாது" என்றாள்.

உண்மைதான். அது காற்றில் சுற்றுவது.
என் இன்ஜின் முன்னால் தள்ளுகிற கூலியாள், அவ்வளவே.
தெரிந்ததுதான்,
ஆனாலும் வலித்தது.

ஏரி மண்ணிலேயே தலையைக் கழற்றினோம்.
பிஸ்டனில் நான்கு கீறல், பூனை பிறாண்டிய மாதிரி.
"எவ்வளவு விட்ட?"
"ரெண்டு."
"எவ்வளவு விடணும்?"
சேர்வராயன் மலையைப் பார்த்தேன்.
"இது எப்பத் தெரியும் உனக்கு?"
மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பச்சியண்ணன் வந்து சுற்றிப் பார்த்தார்.
"போறப்பத்தான் எரிச்சலு. வர்றப்ப நல்லா இருந்துச்சுப்பா.
வர்றப்ப இருந்த மாதிரியே போக முடியாதா?"

வியாழன் இரவு புதுப் பிஸ்டன்.
ஹோன் கல்லை விட்டுச் சுவரைத் தேய்த்தேன்.
இப்போது விரலை எடுத்தால்
லொடக்கென்று கீழே விழுகிறது,
யாரோ வீட்டுச் சாமான் மாதிரி.
இருசாயி பஸ் பிடித்து வந்திருந்தாள்.
கேஜை என் கையிலிருந்து வாங்கி
அவளே அளந்தாள். மேலே, நடுவில், கீழே.
மறுபடி மேலே.
போகும்போது
கேஜையும் அவள் பையில் போயிற்று.