ஆய்தத்துக்கு வேலை

வியாழன் தோறும் காலை நாலரைக்கு
சிட்டி டீப் மொத்தச் சந்தையில் சரக்கேற்றி
மேஃபேர் எட்டாவது அவென்யூவில் இறக்குகிறேன்.
சோமாலிக் கடைகள் பதினொன்று.
என் பக்கி வண்டி ஒன்று.
ஆர்டர் எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்று.

போனில் வரும் சொல்லை எந்த எழுத்தில் பிடிப்பது?
இங்கிலீஷில் எழுதினால்
த-வும் ட-வும் ஒரே குட்டையில் விழுகின்றன.
தமிழில் எழுதத் தொடங்கினேன்.
லெனேசியா சனிக்கிழமை வகுப்பில்
நாற்பத்திரண்டு வயதில் கற்ற எழுத்து,
தக்காளிக்காவது உதவட்டும்.

அந்தத் தக்காளி
ஹர்கெய்சாக்காரர் கூலேத் கேட்டால் தமாண்டோ,
கிஸ்மாயோக்காரர் ஷீரே கேட்டால் யான்யோ.
இருவரும் ஒரே சாப்பாட்டுக் கடையின் பங்காளிகள்:
ஒரு கல்லா, ஒரு பூட்டு, இரண்டு சாவி.
அவருடைய வண்டி காடி, இவருடையது காரி.
அவருக்குப் பிறந்தவள் கபட்,
இவருக்குப் பிறந்தவள் கபர்.
ட எந்த ஊரில் ர ஆகிறது என்று
ஒருநாள் கேட்டேன்.
இருவரும் வெவ்வேறு ஊரைச் சொன்னார்கள்.

காலையில் கல்லில் ஒருபக்கம் மட்டும் வேகும்
அந்தப் பொத்தல் தோசைக்குக்
கூலேத் சொல்வது லஃஓஃ, ஷீரே சொல்வது அஞ்ஜேரோ.
பலகை எழுதியவன் இரண்டையும் எழுதி
இரண்டுக்கும் காசு வாங்கிப் போனான்.

லஃஓஃ.
அந்த மூன்று புள்ளியைப் பாருங்கள்.
வகுப்பில் அஃது, எஃகு என்று
இரண்டு சொல்லோடு முடிந்துபோய்
வாசலில் சும்மா நின்ற எழுத்து.
சோமாலித் தொண்டையின் அடியில் உரசும் ஹ-வுக்கு
என் நோட்டில் அது உத்தியோகம் ஏற்றது.

டிசம்பரில், தகரம் தொட்டால் சுடும் வாரம்,
கூலேத் போன் செய்தார்: ஃஅப்ஃஅப் முப்பது.
அரை மணி கழித்து ஷீரே: கரே முப்பது.
இரண்டு வரி எழுதினேன்.
சந்தையில் மூட்டை தூக்கும் சோமாலிப் பையனிடம்
வரிவரியாகப் படித்துக் காட்டினேன்.
முப்பது ஏற்றினான். பிறகு முப்பது.
அவனுக்கு இரண்டு சொல்லும் தெரியும்,
கேட்கத்தான் தோன்றவில்லை.
எனக்கும் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கடை வாசலில் அறுபது வாட்டர்மெலன்.

"கரே என்று எவன் சொல்வான்?"
"கிஸ்மாயோவில் பால்குடிக்கும் பிள்ளை சொல்லும்."
"சொன்னவன் காசு கொடுக்கட்டும்."
"இருவரும்தானே சொன்னோம்?"
அதற்கு மேல் எனக்குப் புரியவில்லை,
அவர்களுக்கும் பாதிதான் புரிந்திருக்கும்.
சமையல்காரி தேகா, பெலெத்வெய்னேக்காரி,
கத்தியோடு வந்தாள்.
எந்தப் பெயரும் சொல்லாமல் ஒன்றைப் பிளந்தாள்.

மூன்று மணிக்கு மின்வெட்டு, குளிர்பெட்டி செத்தது.
பாதிப் பழம் தெருவுக்குப் போயிற்று.
மூலையில் சோளம் சுடும் தொக்கோசிலே
ஒன்றை இடுப்பில் ஏந்தி
"இக்காபே!" என்று சிரித்துக்கொண்டே நடந்தாள்.

"உன் பாஷையில் என்ன?" என்றார் ஷீரே,
தாடியெல்லாம் சாறு.
வாயைத் திறந்தேன்.
வாட்டர்மெலன்தான் வந்தது.
நாலு தலைமுறையாக எங்கள் வீட்டில்
அதற்கு வேறு பெயர் கேட்டதில்லை.
சண்டை போட அவர்களிடம் இரண்டு இருந்தது.

வகுப்பெடுக்கும் காரைக்குடி இஞ்சினியர்
பொன்னுரங்கத்துக்குச் செய்தி அனுப்பினேன்:
தமிழில் என்ன?
பதில் வந்தது: எந்த ஊருக்கு?
பின்னாலேயே
தர்பூசணி, கோசாப்பழம், வத்தகப்பழம்.
உரக்கப் படித்தேன்.
கூலேத் வத்தகப்பழத்தின் பக்கம் சாய்ந்தார்.
ஷீரே உடனே கோசாவைப் பிடித்துக்கொண்டார்.
தர்பூசணி கேட்பாரில்லாமல் கிடந்தது,
அதை நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழனுக்கு முன்தினம் ஷீரே போன்.
கல் தடுக்கும் பாதையில் நடப்பவர்போல்
மெதுவாக: "ஃஅப்... ஃஅப். முப்பது."
பத்து நிமிடத்தில் கூலேத்.
"கரே," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு,
"முப்பது."

பேனா நின்றது.
கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.
ஒரே வரி, ஒரே முப்பது.
பெயர் எழுதும் இடத்தில் ஃ மட்டும் போட்டேன்,
நடைபாதையில் யாரோ துப்பிய
மூன்று விதை.