பதினொரு பாகை

சூலியா தெருவுக்குப் பின்சந்தில்
கடைவீட்டு வரிசை கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்ட இடத்தில்
ஒரு குவிமாடம்,
அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நீளும் ஒரு கூடம்.
கூடத்தைக் காட்சிக்கூடமாக்கப் போகிறார்கள்.
மரைக்காயரின் தராசு, பாக்குக் கணக்கேடு,
நாகூருக்கு எழுதி அனுப்பாத கடிதங்கள் மூன்று
கண்ணாடிக்குள் போகும்.
எனக்கு வந்த வேலை
இருப்பதை இருப்பதுபோல் வரைவது.

ஒன்றுக்கு ஐம்பது அளவில்
ஓர் ஆள் மூன்றரை சென்டிமீட்டர்.

காலை எட்டுக்குப் பூட்டைத் திறந்த சேகு நயினா
என் செருப்பைப் பார்த்தார், பிறகு என்னை.
"அளந்துக்க. நாடாவ மட்டும் அவுங்க மேல போடாத."
அதனால் கபரின் நீளத்தைக் காற்றில் அளந்தோம்.
ஒரு முனை என் கையில்,
மறுமுனை ஹஃபீஸ் கையில்.
நடுவில் தொய்ந்த ஒரு சென்டிமீட்டரைக்
குறிப்பேட்டில் கழித்துக்கொண்டேன்.

நகராட்சிக் காப்பறையில் பழைய வரைபடம் ஒன்று கிடைத்தது.
மெழுகுத்துணி, ஓரமெல்லாம் பூச்சி.
அதில் கபர்கள் இரண்டும்
ஒரே நீளத்தில், சுவருக்கு நேராக,
ஆஸ்பத்திரிக் கட்டில்கள் மாதிரி.
மூலையில் ஜே.எச். என்று கையெழுத்து.
அவர் வந்தே பார்த்திருக்க மாட்டார்.
அல்லது வந்து பார்த்து
பொறுக்காமல் நிமிர்த்தியிருப்பார்.

ஏனென்றால் இங்கே
சுவர் தெருவைப் பார்க்கிறது,
தெரு துறைமுகத்தைப் பார்க்கிறது,
படுத்திருப்பவர்கள் மட்டும்
கிப்லாவுக்கு முகம் கொடுத்துக்
கொஞ்சம் திரும்பிக் கிடக்கிறார்கள்.
பதினொரு பாகை.
மூன்று முறை அளந்தேன். பதினொன்றுதான்.

திரையில் நான் இழுக்கும் எந்தக் கோடும்
துள்ளிப்போய்ச் செங்குத்தில் ஒட்டிக்கொள்ளும்,
பழக்கிய நாய்.
"நேராக்கிடு லா" என்றார் சியூ லின்,
"தரை ஓடு பதிக்கிறவன் திட்டுவான்,
ஓரம் பூரா முக்கோணம்."
பத்து லஞ்சாங் மேட்டில் அப்பாவின் கல்லறைக்குத்
திசைகாட்டியோடு ஆள் கூட்டிவந்து
ஒரு மாதச் சம்பளம் கொடுத்தவர்தான்.
அதைச் சொல்லவில்லை நான்.
அந்த விசையை மட்டும் அணைத்தேன்.

பிறகு குறுக்குவெட்டு அ–அ.
பப்பாளியை அரிவதுபோல் கட்டடத்தை அரிந்து காட்டவேண்டும்.
பிறைக்குக் கீழே கசிவு,
சுண்ணாம்பின் தடிமன், கூடத்தின் உத்தரம்,
தரை, தரைக்குக் கீழே மண்.
மண்ணுக்கு ஒரு வழக்கம் உண்டு: சாய்கோடுகள்.
போட்டுக்கொண்டே வந்த கை
இரண்டாவது கபருக்கு அடியில் நின்றது.
தட்டையான மீசான் கல். பெண் என்றார் நயினா.
பெயர் அவருக்கும் தெரியாது.
மிச்சத்தை நாடா சொல்லியிருந்தது:
நூற்றுப் பத்து.
ஒன்றுக்கு ஐம்பதில்
இரண்டு சென்டிமீட்டரும் சொச்சமும்.

வெட்டுக்கோடு வளையலாம், விதியில் இடமிருக்கிறது.
கூடத்தின் நடுவே வந்த கோட்டை
அவளுக்கு முன்னால் ஒடித்து
ஓரமாகக் கூட்டிப்போய்
அந்தப் பக்கம் மறுபடி நேராக்கினேன்.

அச்செடுத்த தாளில் சியூ லினின் பேனா
அந்த ஒடிவில் ஒரு நொடி நின்றது.
ஒன்றும் கேட்கவில்லை.
"ஓடு எத்தனை வெட்டணும்?" என்றார்.
நாற்பத்தாறு.
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
ஒவ்வொன்றையும் வரைந்திருக்கிறேன்.