முப்பத்தொரு இடம்

"இந்தப் பொத்தான் உங்கள் கோப்பை அளிக்கும்"
என்றிருந்தது உதவிப் பக்கத்தில்.
அளிக்கும் என்றால் கொடுக்கும் என்று நம்பி
அழுத்தினேன்.
மூன்று வண்டியின் மூன்று மாத டீசல் கணக்கு
போன இடம் தெரியவில்லை.

ரிக் ஆபீஸ், சங்ககிரி ரோடு, திருச்செங்கோடு.
முதலாளி நல்லசிவம் சத்தம் போடவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி
"ஒரே எழுத்துலயா போச்சு, கொணவதி?" என்றார்.
ஆமாங்க.
அப்புறம் நான்கு இரவு
எண்ணெய்க் கறை பிடித்த பங்க் சீட்டுகளை
நீவி நீவி மறுபடி ஏற்றினேன்.

ஐந்தாம் இரவு
அந்த ள-வை எடுத்து ழ-வை வைத்து அனுப்பினேன்.
காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள்,
யார் வேண்டுமானாலும் திருத்தலாமாம்.
இரண்டு நாள் கழித்து ஒரு வரி:
"ஏற்கப்பட்டது. நன்றி. மாசிலன்."
எந்த ஊர், என்ன வயது, தெரியாது.
பத்தாவது மார்க் ஷீட் வந்த அன்றைக்குக்கூட
அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை நான்.

பிறகு அதே வேலையானது.
வண்டிகள் சத்தீஸ்கரில். போன் வரும்வரை
விழித்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.
"பதிவிரக்கம்" என்று பக்கத்துக்குப் பக்கம்.
இரக்கத்தை எடுத்துவிட்டு இறக்கத்தை வைத்தேன்.
"நிறல்" நிரலானது.
"இந்தப் பதிப்பில் ஏழு வலுக்கள் உள்ளன"
என்றதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது,
குறையைப் போய்ப் பலமென்று சொல்கிறதே என்று.
வலு இருக்கும் இடமெல்லாம் வழு ஆக்கு என
ஒரே சொடுக்கில் மாற்றி அனுப்பிவிட்டு
பிளாஸ்க் டீயை ஊற்றிக் குடித்தேன்.

மாசிலன் எழுதினார்:
"'வழுவான கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவும்'
என்று இப்போது இருக்கிறது.
மொத்தம் முப்பத்தொரு இடம்.
ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள்."

திட்டியிருந்தால் தேவலை.
பதினெட்டாவதில் இருக்கையில்
போன் அடித்தது. சடையப்பண்ணன்.
"எழுநூத்தி நாப்பது அடி, புழுதிதான் புள்ள.
ஈரங்கூடக் காணோம். நிறுத்தறதா, ஓட்டறதா?"
முதலாளியை எழுப்பிக் கேட்டுச் சொன்னேன்.
பத்தொன்பது, வலு. சரி.
இருபது, வழு.
இருபத்தொன்று: "பழைய பதிப்பின் வலுக்கள்
இதிலும் தொடரும்."
இரண்டுமே பொருந்தியது.
வெகுநேரம் அதிலேயே நின்றேன்.

வைகாசித் தேருக்கு வண்டி திரும்பியது,
உடம்பெல்லாம் செம்மண்ணோடு.
கழுவக் கழுவத் தெரிந்தது பக்கவாட்டில்
மஞ்சள் பெயின்ட்டில் முழ உயர எழுத்து:
ஆள்துளைக் கிணறு அமைத்துத் தரப்படும்.
ஆறு வருடமாக அதன் நிழலில்தான்
ஸ்கூட்டியை நிறுத்துகிறேன்.

"பெயின்டரக் கூப்புடட்டுங்களாண்ணா?"
தண்ணீர்க் குழாயைக் கீழே போடாமல்
தலையை மட்டும் சாய்த்துப் படித்தார்.
"எந்த எழுத்து?"
காட்டினேன்.
"போன நடையில அந்தக் கோண்டுப் பையனுக்கு
ரெண்டு வெரலு போச்சு. எனக்குக் காது.
ஆளத்தான புள்ள தொளைக்குது.
சரியாத்தான் எழுதியிருக்கான்"
என்று சக்கரத்துக்குத் திரும்பினார்.

அந்தத் திருத்தத்தை மட்டும்
இன்னும் அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.