மாதம் ஏழு சிப்பம்

வாங்கியது மூன்று லட்சம்.
நான்கு வருடம் படித்து
ஒரு வருடம் வேலை தேடி
நிமிர்ந்து பார்த்தபோது
நான்கு லட்சத்துப் பத்தாயிரமாகியிருந்தது.
நான் அரியர் வைத்த செமஸ்டரிலும்
வட்டி தவறாமல் பாஸாகியிருக்கிறது.

ஒரகடத்தில் கேபிள் கம்பெனி.
பயிற்சிப் பொறியாளர் என்று கழுத்தில் அட்டை.
பதினாறாயிரத்து ஐநூறு.
தோற்றத் திறன் வேறு, உண்மைத் திறன் வேறு என்று
மூன்றாம் செமஸ்டரில் நடத்தியபோது
தூங்கிவிட்டேன்.
இப்போது ஒன்றாம் தேதிதோறும் புரிகிறது.
தவணை ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று,
எண்பத்து நான்கு மாதம்.
விடுதிக்குக் கட்டியது போக
மூவாயிரத்துச் சொச்சம்.
ஊருக்கு வந்துபோகும் பஸ் டிக்கெட்டும் அதற்குள்தான்.

அப்பாவுக்குச் சதவீதம் பிடிபடாது.
"நெல்லுல சொல்லு" என்றார்.
மாதம் ஏழு சிப்பம், என்றேன்.
கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடந்து
ஈரப்பதம் தேறி
தராசில் ஏறும் நாற்பது கிலோச் சிப்பம்.
விரல்களை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கி,
"அப்ப நாலு மா
ஒனக்கு மட்டும் வெளையணும்."
நாங்கள் பயிர் வைப்பது ஒன்பது மா.
அதுவும் கோயில் குத்தகை.

கூத்தாநல்லூர் நூருல் ஹசினா,
என் பெஞ்ச், இதே கடன்.
மென்பொருள் சோதிக்கப் போய்விட்டாள்,
ஒரு கம்பியைக்கூடத் தொடாமல் முப்பத்திரண்டாயிரம்.
"ஓம் விதி மறந்தேபோச்சுடி,
என் விதி பரவாயில்ல" என்கிறாள்.

கடைத்தெருவில் பக்கிரிசாமி ஒன்பதாவது ஃபெயில்.
மேட்டூர் திறக்கப் பிந்தும் வருடம்
போர்செட்டுகள் இரவுபகலாக ஓடி
காயில் காயிலாகக் கருகி
அவர் வாசலில் வந்து அடுக்கும்.
ஆறு வறண்டால் அவருக்கு மகசூல்.
அவருக்குக் கல்விக்கடன் கிடையாது.
வங்கியில் வைப்புநிதி இருப்பதாகக் கேள்வி.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் இடைவெளியில்
இரண்டு தவணை விட்டுப்போனது.
போன் அப்பாவுக்குத்தான் வந்தது,
கூட்டுக் கடனாளி அவர்தானே.
விடுப்பு சொல்லிவிட்டு வந்து
இருவருமாகக் கொரடாச்சேரி கிளைக்குப் போனோம்.

மேலாளர் ரெஜினா மேரி
என் கணக்கை அச்சுக்குக் கொடுக்கவும்
யூபிஎஸ் அலறவும் சரியாக இருந்தது.
திரைகள் செத்தன.
நகைக்கடன் வரிசை முனகியது.
"மன்னார்குடிலேந்து ஆள் வரணும்" என்றவர்
என் மனுவை இன்னொரு முறை பார்த்தார்.
"நீ ட்ரிபிள் ஈ தானம்மா?"

மெயினை அணைத்துப் பலகையைத் திறந்தேன்.
ஆய்வகத்தில் பெண்பிள்ளைகள்
தள்ளி நின்றே பார்த்த பலகை.
நியூட்ரல் தளர்ந்து, கறுத்து,
தொட்டால் உதிர்ந்தது.
ஸ்டேப்ளர் மேசையிலிருந்து ஒரு கத்திரிக்கோல்,
காசாளரிடம் ஒரு திருப்புளி.
கருகிய நுனியை வெட்டினேன்,
புதுச் செம்பைச் சீவி உள்ளே விட்டு
மணிக்கட்டு வலிக்கும்வரை முடுக்கினேன்.
பன்னிரண்டு நிமிடம்.

விளக்கு. விசிறி. திரைகள் ஒவ்வொன்றாக.
வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்.
அச்சுப்பொறி கனைத்துக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது:
என் பெயர்,
விட்டுப்போன தவணை இரண்டு,
அபராதம்,
இன்றைய நாளுக்கான வட்டி
நூற்றுப் பதினெட்டு ரூபாய்.

"நல்லா வருவே" என்றார் மேலாளர்,
மாதக் கடைசிக்குள் கட்டச் சொல்லி.
டீ வந்தது.

வெட்டாற்றுப் பாலம்வரை
அப்பா வாய் திறக்கவில்லை.
பாலத்தில் வண்டியை நிறுத்தி,
"பக்கிரிசாமியா இருந்தா
இதுக்கு எவ்வளவு கேட்டிருப்பான்?"
எண்ணூறு இருக்கும், என்றேன்.

கீழே பார்த்தார். தண்ணீர் இன்னும் வரவில்லை.
"முக்காச் சிப்பம்" என்றார்,
வண்டியை உதைத்தார்.