எண்டெலின் பல்

முகம் கொடுத்துப் பேசாத ஒருவனுக்கு
முகம் கொடுப்பதுதான்
இந்தக் குளிர்காலம் முழுக்க என் வேலை.

தாலினில், கோப்லி டிராம் திரும்பும் வளைவுக்கு எதிரே
பழைய கயிற்று ஆலையின் இரண்டாம் மாடி.
மதியம் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.
மேசையில் ஒளிப்பலகை, ஆறிப்போன காப்பி,
ஒரு சவரக் கண்ணாடி:
எந்த முகத்தை வரையப் போகிறோமோ
அதை முதலில் நாமே போட்டுப் பார்க்க.

எண்டெல், துறைமுகக் கிடங்குக்காரன்.
வயது ஐம்பத்தெட்டு.
பதினோரு நிமிடப் படத்தில்
அவன் பேசுவது நான்கு வாக்கியம்.
அதில் இரண்டு, வெறும் எண்கள்.

சுவரில் ஆறு கட்டம். ஆறு முகம், ஆள் ஒருவன்.
கோபக் கட்டத்தில் போன வாரம்
புருவத்தை நெரித்தேன், மூக்கை விடைத்தேன்,
எள்ளும் கொள்ளும் வெடிக்கிற மாதிரி ஒரு முகம்.
நன்றாகத்தான் இருந்தது.
யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்:
கசாப்புக்காரர், கப்பல் தலைவர்,
என் முன்னாள் கணவர் ராய்வோ.
அதனாலேயே கிழித்தேன்.

எண்டெலுக்குக் கோபம் வந்தால்
முகம் துடைத்து வைத்த தட்டு.
பேனாவை மூடுவான்.
மூடியதை இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பான்.
காதின் மேல்விளிம்பில் மட்டும்
கொஞ்சம் சிவப்பு,
அதுவும் வண்ணம் தீட்டுகிற கெர்ஸ்டி
மறக்காமல் இருந்தால்.

இன்று மகிழ்ச்சி.
பதினான்காம் காட்சி. காணாமற்போன கிடங்குப் பூனை
உப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து,
மூன்று வாரம் எங்கே போயிருந்தது என்று சொல்லாமல்,
நடந்து வருகிறது.
"வாயெல்லாம் பல்லாக இருக்கணும்" என்றார் இயக்குநர் ஹெல்வி,
"கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரியணும்."

வரைந்தேன். வாயெல்லாம் பல்.
காகிதத்திலிருந்து யாரோ ஒரு பற்பசை வியாபாரி
என்னைப் பார்த்து இளித்தான்.
கண்ணாடியைப் பார்த்தேன். அதே இளிப்பு. என்னுடையது.
பழைய தாள்களைப் புரட்டினேன்:
தபால்காரி, காவலாளி, பூனைகூட,
இந்தப் படத்தில் எல்லோரும்
இடது உதடு ஏறித்தான் சிரிக்கிறார்கள்.
கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்தேன்.

பிறகு அவனைக் கேட்டேன், தாளைத்தான்:
நீ ஏன் பல்லைக் காட்டுவதில்லை?

பன்னிரண்டு வயது. உறைந்த குளம். மேல்வரிசையில் முன்பல்.
பள்ளியில் யாரோ வைத்த பெயர்.
அன்றைக்கு மூடிய வாய்.
இது படத்தில் எங்கும் வராது.
ஒருவரும் கேட்கப்போவதில்லை.
ஆனால் அந்த ஓட்டை இல்லாமல்
இந்த உதட்டை என்னால் மூட முடியவில்லை.

இப்போது பூனை வருகிறது.
முதல் தாளில் ஒன்றுமில்லை.
நான்காவதில் கன்னத்துச் சதை ஒன்று
அவனைக் கேட்காமல் எழுகிறது.
ஏழில் உதடு இறுகுகிறது;
அவனைத் தெரியாதவர்கள் எரிச்சல் என்பார்கள்.
ஒன்பதில் கை.
கணக்கேட்டோடு கை மேலே வருகிறது
வாயை மறைக்க.
ஏட்டின் விளிம்புக்கு மேலே
கண் இரண்டும் கையும் களவுமாக
மாட்டிக்கொள்கின்றன.

ஹெல்வி வெகுநேரம் பார்த்தார்.
"பல் எங்கே?"
"பின்னால்" என்றேன்.
மூக்கை உறிஞ்சினார்.
சம்மதமா சளியா, பத்து வருடம் பழகியும்
அந்த முகத்தை எனக்குப் படிக்க வராது.
"சரி" என்றார், "கடைசி வரிசைப் பிள்ளை
முன்னால் வந்து உட்காரட்டும்."

கெர்ஸ்டி விளக்கை அணைக்கிறாள்.
நாளைக்குப் பயம்.
இன்னும் ஒரு கோடு இழுக்கவில்லை.
அலற மாட்டான் என்பது மட்டும் தெரியும்.
மூட்டைகளை எண்ணத் தொடங்குவான்.
பதினேழில், பதினெட்டில் எங்கோ
எண் தவறும்.
திரும்பவும் ஒன்றிலிருந்து.