ஐந்தாம் மாடி வள்ளி

பன்னிரண்டு திர்ஹத்துக்கு இரண்டு செடி.
ஒன்று எலுமிச்சைப் பச்சை,
மற்றது கத்தரிக்காய்த் தோலின் கறுப்பு.
"கிழங்கு வைக்குமா?" என்றேன்.
"வைக்கும். நீ தின்ன மாட்டாய்" என்றான் குல்சமான்.
காகிதத்தில் சுற்றும்போது ஒரு கொடி முறிந்தது.
முறிந்ததையும் உள்ளே திணித்தான்:
தண்ணீரில் போடு, அதுவும் செடிதான்.

அஜ்மான், நுஐமியா. மேற்குப் பார்த்த பால்கனி.
வாஷிங் மெஷின், வெங்காய மூட்டை,
நான்கு பேரின் எட்டு ஜோடிச் செருப்பு,
இவை போகக் கம்பியோரம் ஒன்றரை அடி.
அதற்கு என்னிடம் தனி வாடகை கேட்கலாமா என்று
துரைக்கண்ணு இன்றும் யோசிக்கிறான்.

ஊறுகாய் பாட்டிலில் முறிந்த துண்டு
நாலாம் நாள் வேர் விட்டது.
அரும்பு மீசைபோல, ஆனால் வெள்ளை.
பல் துலக்கும்போதெல்லாம் தூக்கிப் பார்த்தேன்.

ஜூன் வந்தது.
மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீரில்
தேயிலை போட்டால் போதும்.
அதை ஊற்றி அந்தத் துண்டுச் செடியை வேகவைத்த பிறகே
ஏசிக் குழாயின் வாயில் வாளி வைத்தேன்.
இரவெல்லாம் சொட்டு. விடியலில் முக்கால் வாளி.
எங்கள் நால்வர் மூச்சின் ஈரம்;
உப்பில்லை, கொஞ்சம் குறட்டை இருக்கலாம்.

மத்தியானம் இலையெல்லாம் தலை தொங்கும்.
செத்ததென்று நினைத்து ஊற்றக் கூடாது, வேர் அழுகும்.
நான் சைட்டில் நேரம் குறிப்பவன்.
பன்னிரண்டரைக்கு விசில், மூன்றுக்கு விசில்,
நடுவே நிழலில் படுத்தவர்களின் பெயர் எழுதுகிறவன்.
அந்த நேரத்தில் யாரையும் எழுப்பியதில்லை.
வள்ளியையும் விட்டுவைத்தேன்.
மஃரிப் பாங்கு சொல்லும்போது
அதுவாகவே எழுந்திருக்கும்.

நுனியைக் கிள்ளினால் இரண்டாகக் கிளைக்கும்.
பச்சை சொன்னபடி கேட்டது.
கறுப்பு கிள்ளக் கிள்ள முறைத்தது,
இலைக்கடியில் வெள்ளை ஈயை வளர்த்தது.
ஞாயிற்றுக்கிழமை, போன் காதோரம்,
சோப்பு நீரில் இலை இலையாகத் துடைத்தேன்.
"என்ன பண்றீங்க?" என்றாள் சுகிர்தா.
"இலை துடைக்கிறேன்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

செப்டம்பரில் பச்சை கம்பியைத் தாண்டி இறங்கியது.
வாட்ச்மேன் மிசானுர் கீழே நின்று கை காட்டினான்:
பலதியா பார்த்தால் அபராதம், மேலே இழு.
இழுத்தேன். வரவில்லை.
இன்னும் இழுத்தேன். என் கைதான் கீழே போனது.
குனிந்தேன்.

நான்காம் மாடி. எப்போதும் திரை மூடிய வீடு,
யாரென்று லிஃப்டிலும் பார்த்ததில்லை.
கம்பியில் கட்டிய தயிர் வாளி,
வாளியில் மண்,
மண்ணில் என் கொடியின் ஒரு கணு,
கொண்டை ஊசியை வளைத்துக் குத்தியிருந்தது.
கணுவுக்கு அப்பால் புது இலை ஏழு.

கத்தரி எடுத்தேன்.
என் கம்பிக்கு ஒரு சாண் கீழே வெட்டினேன்.
அறுந்த பாதி போய் அந்தத் திரையோரம் சாய்ந்தது.
பலதியாவுக்கு இனி குறை இல்லை.

அக்டோபர் கடைசியில் கறுப்பின் தொட்டி வெடித்தது.
உள்ளே கைமுட்டி அளவில் மூன்று கிழங்கு.
துரைக்கண்ணு அவித்தான், மிளகாய்த்தூள் தூவினான்,
ஒரு வாய் மென்று
அந்தச் செடிக்காரன் யோக்கியன் என்றான்.

வாளி நிரம்பிய பிறகும் ஏசி சொட்டுகிறது.
இன்னொரு வாளி வைக்கலாம். வைக்கவில்லை.
தண்ணீர் வழிகிறதென்று மூன்றாம் மாடி புகார்,
இரண்டாம் மாடி புகார்,
மிசானுர் விரல் மடக்கி எண்ணுகிறான்.
நான்காம் மாடியிலிருந்து
இதுவரை ஒன்றும் வரவில்லை.