நானூற்றுப் பன்னிரண்டு சீவல்கள்

நீளம் இருபத்தொன்பது மில்லிமீட்டர், நிம்மதியாக ஊரும்போது.
சீண்டினால் பதினெட்டு.
தடிமன்: நனைந்த காகிதம்.
நிறத்தை உடனே எழுதிவிட வேண்டும்,
ஃபார்மலின் முதலில் தின்பது நிறத்தைத்தான்.
வெளிர்பழுப்பு என்று எழுதி அடித்தேன்.
பால் குறைந்த தேநீர் என்று எழுதி
அதையும் அடித்தேன்.
உஷீயா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்:
"மழை தொடாத மணல்."
ஆய்விதழ் ஏற்காது.
பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

அரோசா கழிமுகத்தில்
யூகலிப்டஸ் சட்டங்கள் பிணைத்த தெப்பம்;
அடியில் தொங்கும் கயிறுகளில்
கருநீலச் சிப்பிகள் கொத்துக் கொத்தாய்.
ஒன்பதாம் கயிற்றை இழுத்துப் போட்டான் ப்ரெய்ஷோ.
ஓடு உடையவில்லை, கீறல்கூட இல்லை,
உள்ளே சதையை மட்டும் காணோம்.
"இதோ திருடன்" என்று
கத்தி முனையில் ஒரு வழவழப்பை நீட்டினான்.
குப்பியை நான் திறப்பதற்குள்
விளிம்பிலிருந்து கரையத் தொடங்கியிருந்தது.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவதை ஓவியத் தூரிகையில் ஏற்றி
மூச்சடக்கிக் கொண்டுவந்தேன்.

கண்கள் நூற்றுப் பதினாறு.
மறுநாள் எண்ணியபோது நூற்று இருபத்தொன்று.
மூளைமேல் இரண்டு வரிசை,
கொம்பிருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொத்து,
மற்றவை ஓரமெங்கும் சிதறிய மிளகுப்பொடி.
இத்தனை இருந்தும் அதற்குத் தெரிவது
வெளிச்சம்,
வெளிச்சமின்மை.
வாய் வயிற்றின் நடுவே.
கழிவாய் கிடையாது, உண்ட வழியே உமிழும்.
ஆணும் பெண்ணும் ஒரே உடலில் குடியிருப்பு;
எந்த இனம் என்பதை
அந்தக் குடியிருப்பின் சுவர்கள்தாம் சொல்லும்.

ஆகவே உறைந்த ஃபார்மலின் பாளத்தின் மேல்
தூரிகையிலிருந்து இறக்கினேன்.
சுருங்கிக்கொள்ள நேரமில்லை அதற்கு.
பிறகு சாராயம், பிறகு மெழுகு,
நடுவிலிருந்து மூன்றே மில்லிமீட்டரை
ஏழு மைக்ரான் ஏழு மைக்ரானாக,
நானூற்றுப் பன்னிரண்டு சீவல்கள்,
முப்பத்தெட்டுக் கண்ணாடிகள்,
ஊதாவும் ரோஜாவும் ஏற்றி.
பெயரைச் சுமக்க ஓர் உடல் வேண்டும் என்பது விதி.
உடலை உடலாக விட்டுவைத்தால்
பெயர் கிடைக்காது.
இதைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை.

புதிய இனம் என்று சொல்லத் துறைக்குப் போனேன்.
ப்ரெய்ஷோ எழுந்து போய்
உப்பேறிய கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்தான்.
ஃபோல்யா, அதாவது இலை: நாற்பது கிலோ.
இலை: பதினொரு கிலோ.
இலை: கயிறு முழுக்க.
"இருபது வருஷமாக என் சோற்றில் கைவைத்தவன்
உங்களுக்கு இன்றைக்குத்தான் பிறந்தானா?"
உன் பெயரையே வைக்கலாமென்று இருக்கிறேன், என்றேன்.
சிரிக்கவில்லை அவன்.
"திருடனுக்கு என் பெயரா?
வேண்டுமானால் கிலோவுக்கு விலை வைக்கிறானே,
டப்பா ஆலைக்காரன், அவன் பெயரை வை."
அவன் மனைவி தோசிந்தா
கயிறு சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னாள்,
"அதற்கு இந்தப் புழு என்ன பாவம் செய்தது."

கடைசியில் லத்தீனில்
ஒன்பதாம் கயிற்றுக்குரியது என்று வைத்தேன்.
யாரும் கோபித்துக்கொள்ள முடியாத பெயர்.
இரவு பதினொன்றுக்குக் கட்டுரையை அனுப்பிவிட்டு
விளக்கணைக்கப் போனபோது
தொட்டியில் நான்காவது இருந்தது.
நூற்றுச் சொச்சம் கண்களும்
என் விரல் நிழலைக் கண்டு ஒருகணம் சுருங்கின.
பிறகு விரிந்து,
ஒரு சிப்பியின் மூடிய உதட்டோரம்
போய் ஒட்டிக்கொண்டது.
அவசரமில்லை அதற்கு.
சிப்பியும் எப்போதாவது
மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்.